ஆட்டிசக் குழந்தையும் பொய்யும்: ஒரு பழைய வழக்கு

ஆட்டிசம் உள்ள குழந்தைக்குப் பொய் சொல்லவே வராது என்பது, பினாங்கில் சிறப்புக் கல்வி வகுப்பு எடுக்கும் ஆசிரியர் பலருக்கும் பெற்றோருக்கும் முடிந்த முடிவு. இது உண்மையா என்ற கேள்வி புதியதன்று. உளவியல் துறைக்குள் நெடுநாளாக நடக்கும் வழக்குதான். பொய் சொல்லாமையைக் குழந்தையின் நற்குணமாகக் கணக்கெழுதுவது பிழை என்பது இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

முடிவு பிறந்த இடம்

1985இல் சைமன் பேரன்-கோஹென், ஆலன் லெஸ்லி, ஊட்டா ஃப்ரித் மூவரும் நடத்திய சோதனை இன்று எல்லாப் பாடநூலிலும் உண்டு. சாலி என்ற பொம்மை கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறது. ஆன் என்ற பொம்மை அதைப் பெட்டிக்கு மாற்றுகிறது. திரும்பி வரும் சாலி எங்கே தேடும்? ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளில் 16 பேர் பெட்டியைக் காட்டினர். டவுன் நோய்க்குறி உள்ள 14 பேரிலோ 12 பேர் கூடையைச் சரியாகக் காட்டினர். பிறர் மனத்தில் தவறான எண்ணம் இருக்கக்கூடும் என்றே அறியாதவர் அதை எப்படி விதைப்பார் என்று அதிலிருந்து வாதம் கிளம்பியது. சரியாகச் சொன்ன மீதி 4 பேரை மேற்கோள் காட்டுவோர் அரிது.

சன்னல் வைத்த பெட்டிகள்

இந்த வழக்கில் முதல் சாட்சி, ஜேம்ஸ் ரஸ்ஸலும் உடன் பணியாற்றியோரும் 1991இல் வெளியிட்ட ஆய்வு. இரண்டு மூடிய பெட்டிகள், ஒன்றில் சாக்லேட். குழந்தை ஏதேனும் ஒரு பெட்டியைச் சுட்ட வேண்டும். எதிரே இருப்பவர் அதைத் திறப்பார், உள்ளிருப்பது அவருக்கு. அது காலியாக இருந்தால் சாக்லேட் குழந்தைக்கு. ஆட்டம் பிடிபட்ட பிறகு, குழந்தை பக்கம் மட்டும் சன்னல் வைத்த பெட்டிகள் வருகின்றன. சாக்லேட் இருக்குமிடம் இப்போது குழந்தைக்குத் தெரியும், எதிராளிக்குத் தெரியாது. காலிப் பெட்டியைச் சுட்டினால் போதும்.

நான்கு வயதுக் குழந்தைகளுக்கு இது எளிதில் பிடிபட்டது. ஆட்டிசம் உள்ள பலர் சாக்லேட் இருந்த பெட்டியையே சுட்டினர், இழந்தனர், மறுபடியும் அதையே சுட்டினர். 20 முறையும் அப்படியே செய்தவர்கள் உண்டு. ஏமாற்றத் தெரியாத உள்ளம் என்று இதைப் படிப்பது சுலபம். பலர் அப்படித்தான் படித்தனர். ஆனால் மூன்று வயதுப் பிள்ளைகளும் இதே ஆட்டத்தில் இதே போலத் தோற்றனர். மூன்று வயதுப் பிள்ளையை யாரும் அரிச்சந்திரன் என்று கொண்டாடுவதில்லை.

வழக்கைத் திருப்பியது 1993இல் கிளேர் ஹியூஸும் ரஸ்ஸலும் செய்த மாற்றம். எதிராளியையே அவர்கள் நீக்கிவிட்டனர். ஏமாற்ற ஆளில்லை, காலிப் பெட்டியைச் சுட்டினால் பரிசு என்ற விதி மட்டும் எஞ்சியது. அப்போதும் ஆட்டிசம் உள்ள குழந்தைகள் தடுமாறினர். ஏமாற்ற ஆளே இல்லாத இடத்தில் நேர்மைக்கு என்ன வேலை? கண்ணெதிரே உள்ள பொருளிலிருந்து கவனத்தை விலக்கிக் கையை வேறு பக்கம் திருப்புவதுதான் கடினமாக இருந்தது.

இதற்கு எதிர்த்தரப்பு நீட்டும் சான்று பியாட்டே சோடியன், ஃப்ரித் இருவரின் 1992 ஆய்வு. திருடன் பொம்மை வருமுன் பெட்டியைப் பூட்டிவிட ஆட்டிசம் உள்ள குழந்தைகளால் முடிந்தது. பூட்டியிருக்கிறது என்று பொய் சொல்லத்தான் பலரால் முடியவில்லை. சான்று வலுவானது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பூட்டுவது கண்ட பொருளைக் காக்கும் செயல். பொய்யோ கண்டதற்கு மாறாக வாயைத் திருப்பும் செயல். அதே முட்டுக்கட்டை இங்கும் இருக்கலாம்.

சொன்ன பொய்யைக் காப்பது

லீ, கெல்லி, எவன்ஸ், காங் லீ நால்வரின் 2011 ஆய்வு, பொய் சொல்ல வராது என்ற வாதத்தை இன்னும் தளர்த்துகிறது. பார்க்காதே என்று சொன்ன பொம்மையை எட்டிப் பார்த்துவிட்டு “பார்க்கவில்லை” என்று ஆட்டிசம் உள்ள குழந்தைகளும் மற்றக் குழந்தைகளைப் போலவே சொன்னார்கள். வேண்டாத பரிசைப் “பிடித்திருக்கிறது” என்று மரியாதைக்குச் சொல்வதிலும் பெரிய வேறுபாடில்லை. அடுத்த கேள்வியில்தான் அகப்பட்டுக்கொண்டார்கள்: என்ன பொம்மை என்று கேட்டதும் பெயரையே சொல்லிவிட்டார்கள். தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் “முறுக்கு உப்பு” என்று சொல்லும் பிள்ளையைப் பற்றிய கதைகள் இதை மறுக்கப் போதாது.

மொழி, பள்ளி

இந்த முடிவுகளில் மொழியாற்றலும் பெரிய பங்கு வகிக்கிறது. சாலி-ஆன் போன்ற சோதனைகளில் தேற ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு ஏறக்குறைய 9 வயதுக்குரிய சொல்லாற்றல் தேவைப்படுவதாக ஃபிரான்செஸ்கா ஹேப்பே 1995இல் காட்டினார். மற்றவர்களுக்கு 4 வயதுக்குரியது போதும். வீட்டில் தமிழும் பள்ளியில் மலாயும் கடைத்தெருவில் ஹொக்கியனும் கேட்கும் பினாங்குக் குழந்தையை எந்த மொழியில் சோதிப்பது என்பது ஆகவே சிறு விவரமன்று.

பள்ளி விசாரணையில் ஆபத்து வேறு. “நீதானே உடைத்தாய்?” என்றால் சில குழந்தைகள் கேள்வியையே திருப்பிச் சொல்லும், லியோ கானர் 1943லேயே குறித்த பழக்கம் இது. பொய் தெரியாத குழந்தை என்ற நம்பிக்கையில் அந்த எதிரொலி ஒப்புதல் வாக்குமூலமாகிவிடுகிறது.

இனிச் செய்ய வேண்டியவை சில. சன்னல் பெட்டி ஆட்டத்தைத் தமிழ்ப்பள்ளிகளில், எதிராளி இருந்தும் இல்லாமலும் நடத்திப் பார்க்கலாம். மும்மொழிக் குழந்தைகளைத் தனிக் குழுவாக எடுக்கலாம். பெண் குழந்தைகள் ஆய்வுகளில் குறைவு; அவர்களைச் சேர்க்கலாம். பள்ளி விசாரணையில் ஆம்-இல்லைக் கேள்விகளைத் தவிர்க்கும் ஒரு படிவம் எழுதலாம். ஆட்டிசத்தோடு வளர்ந்தவர்களிடம் நேரில் கேட்பதும் ஒரு வழி.