அம்மாவுக்குள் ஒரு அப்பா: எஸ்பெராண்டோவின் 'இன்' விகுதி

இன்னைக்கு எபிசோட்ல ஒரு குட்டி விகுதியோட கதையைப் பார்க்கப்போறோம்.

1887-ல் வார்சா நகரத்துல சாமன்ஹோஃப் என்கிற கண் மருத்துவர், தானே உருவாக்கின ஒரு மொழிக்கு முதல் புத்தகத்தை வெளியிட்டார். அதுதான் எஸ்பெராண்டோ. யார் வேணும்னாலும் சுலபமா கத்துக்கணும் என்பதுதான் அவரோட நோக்கம்.

ஜெர்மன் படிச்சவங்களுக்குத் தெரியும்: அங்கே மேசை ஆண்பால், கதவு பெண்பால், புத்தகம் ரெண்டுலயும் சேராது. சாமன்ஹோஃப் இந்தத் தலைவலியே வேண்டாம்னு எடுத்துட்டார். எஸ்பெராண்டோவில் எந்தப் பெயர்ச்சொல்லுக்கும் முன்னாடி ஒரே 'லா'தான்.

ஆனா மனப்பாடம் பண்ணவேண்டிய சொற்களையும் குறைக்கணுமே? அதுக்கு 'இன்' விகுதி வந்தது. ஜெர்மன்ல 'லேரர்' ஆசிரியர், 'லேரரின்' ஆசிரியை. அதே மாதிரி எஸ்பெராண்டோவில் 'பாத்ரோ' அப்பா, 'பாத்ரினோ' அம்மா. 'ஃப்ராதோ' சகோதரன், 'ஃப்ராதினோ' சகோதரி.

ஒரு வித்தியாசம் உண்டு. ஜெர்மன்ல 'இன்' சேர்ந்தா, முன்னாடி வர்ற 'டேர்' என்பது 'டீ'ன்னு மாறும். எஸ்பெராண்டோவில் 'லா' அப்படியே நிற்கும். அதாவது, இலக்கணத்துல பால் இல்லை. ஆனா சொல்லுக்குள்ள இருக்கு. அம்மாவைச் சொல்ல, அப்பாவிலிருந்துதான் ஆரம்பிக்கணும்!

இது ரொம்ப நாளா பலரை உறுத்துது. தொழிற்பெயர்கள்ல பிரச்சினை கொஞ்சம் தளர்ந்துடுச்சு. ஆசிரியரைக் குறிக்கும் 'இன்ஸ்ட்ருயிஸ்தோ' ஒரு காலத்துல ஆணைத்தான் நினைக்க வைக்கும். இப்போ அதை இரு பாலருக்கும் பொதுவாப் பயன்படுத்துறாங்க. உறவுப் பெயர்கள்தான் அசையமாட்டேங்குது.

சிலர் ஆணுக்குத் தனியா 'இச்' விகுதி வைக்கலாம்னு சொல்றாங்க. அப்போ 'பாத்ரிச்சோ' அப்பா, வெறும் 'பாத்ரோ' பெற்றோரில் யாரோ ஒருவர். கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா இதுவரை அச்சான புத்தகங்கள்ல எல்லாம் 'பாத்ரோ' என்றால் அப்பாதானே? அதுவுமில்லாம, மொழியின் அடிப்படை விதிகளை யாரும் மாற்றக்கூடாதுன்னு 1905-ல் பிரான்ஸில் நடந்த மாநாட்டிலேயே முடிவாகிடுச்சு.

அதே சமயம், அவன்-அவள் பேதமில்லாத 'ரி' என்கிற புதுப் பிரதிப்பெயர் இளைஞர்கள் மத்தியில பரவிட்டு வருது. காரணம் எளிது: அது பழைய சொல் எதோட அர்த்தத்தையும் மாத்தல, பக்கத்துல வந்து உட்கார்ந்துக்குது. 'இச்' வந்தா, பழைய புத்தகத்தை மறுபடி வேற அர்த்தத்துல படிக்கவேண்டியிருக்கும்.

நீங்களா இருந்தா 'பாத்ரோ'வை மாத்துவீங்களா, விட்டுடுவீங்களா? யோசிச்சு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.