ஒரே மேசையில் உட்காருவோம்



"உணவும் நட்பும்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இதைப் பேச மதுரையைவிடப் பொருத்தமான ஊர் ஏது? ஊரெல்லாம் உறங்கிய பிறகும் இட்லிக் கொப்பரையில் ஆவி பறக்கும் ஊர் இது. கறிதோசைக்கும் ஜிகர்தண்டாவுக்கும் வெளியூர்க்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வரும் ஊர் இது.

உங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதுவரை சாப்பிட்ட ஓட்டல் சாப்பாடுகளிலே, மறக்கவே முடியாத ஒன்றை இப்போது மனசுக்குள் கொண்டுவாருங்கள். என்ன சாப்பிட்டோம் என்பது வருகிறதோ இல்லையோ, எதிரே யார் உட்கார்ந்திருந்தார் என்பது கட்டாயம் வந்திருக்கும். முதல் சம்பளத்தில் கூட்டிப்போன அண்ணன் வந்திருப்பார். பரீட்சை முடிந்த அன்று காசு சேர்த்துப் போட்டுச் சாப்பிட்ட நாலு பேர் வந்திருப்பார்கள். சுவையை நாக்கு மறந்துவிடும். ஆளை மனசு மறக்காது.

நான் சொல்ல வந்தது ஒரே ஒரு செய்தி. ஓட்டலில் நண்பர்களோடு உட்கார்ந்து, ஒரு தட்டைப் பங்கு போட்டுச் சாப்பிடுகிறோமே, அந்தச் சந்தோஷம் நமக்குச் சும்மா வந்துவிடவில்லை. நம் தாத்தாக்கள் காலத்தில் அதற்காகச் சண்டை நடந்திருக்கிறது. ஆகவே அதை முழு மனதோடு அனுபவிக்க வேண்டும். அது இன்னும் எட்டாதவர்களையும் அழைத்து வந்து உட்காரவைக்க வேண்டும்.

இந்திரருக்கு உரிய அமிழ்தமே கிடைத்தாலும் தனியாக உண்ணாதவர்கள் இருப்பதால்தான் இந்த உலகம் நிலைத்திருக்கிறது என்று புறநானூற்றிலே பாடினான் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி. நாம் பெருமையோடு மேடைதோறும் சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் அதே மண்ணில், யாரோடு உண்ணலாம், யாரோடு உண்ணக்கூடாது என்ற கணக்கும் நூற்றாண்டுக் கணக்கில் இருந்தது நண்பர்களே! தனியாக உண்ணாதே என்றவர்கள், சேர்ந்து உண்ணவும் விடவில்லை. பந்திக்குப் பந்தி சாதி பார்த்தார்கள். தண்ணீர்ச் செம்புக்குச் சாதி பார்த்தார்கள்.

சேரன்மாதேவி குருகுலத்தை நினைத்துப் பாருங்கள். வ.வே.சு. ஐயர் நாட்டுப்பற்றோடு தொடங்கிய பள்ளி. அங்கே இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டார்கள். அந்தச் செய்தி வெளியே வந்ததும் 1924, 1925-ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டு அரசியலே ஆடிப்போனது. டாக்டர் வரதராஜுலு நாயுடு எழுந்தார், பெரியார் எழுந்தார், காந்தியடிகள் வரைக்கும் வழக்குப் போனது. சோற்றுத் தட்டை எங்கே வைப்பது என்ற கேள்வி ஒரு பெரிய கட்சியையே உலுக்கியது. சின்ன விஷயமாக இருந்தால் உலுக்கியிருக்குமா?

அடுத்த மாநிலத்துச் செய்தி ஒன்றையும் சொல்கிறேன். 1917-இல் கேரளத்தின் செறாயி என்ற ஊரில் சகோதரன் ஐயப்பன் என்ற இளைஞர், தீண்டாமைக்கு ஆளான புலையர் வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார். அவருடைய சொந்தச் சமூகமே அவரைத் தள்ளிவைத்தது. "புலையன் ஐயப்பன்" என்று கேலி பேசினார்கள். அந்தப் பெயரை அவர் பெருமையாக ஏற்றுக்கொண்டார். ஒருவேளைச் சாப்பாட்டுக்கு, ஒரு மனிதனுக்கு எவ்வளவு பெரிய துணிச்சல் வேண்டியிருந்தது பாருங்கள்!

நம்முடைய ரயில் நிலையங்களில் இருந்த சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கு ஒரு பக்கம், மற்றவருக்கு ஒரு பக்கம் என்று பிரித்துவைத்திருந்தார்கள். ஒரே ரயிலில், ஒரே பெட்டியில், தோள் உரசிக்கொண்டு வந்த இரண்டு சிநேகிதர்கள், வண்டி நின்றதும் இட்லி சாப்பிட ஆளுக்கொரு வாசலுக்குப் போக வேண்டும். எதிர்ப்பு வலுத்து, 1941-இல்தான் அந்தப் பிரிவினை ஒழிந்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டத்தைப் பாருங்கள். பதினைந்தாவது பிரிவிலே, கடைகளுக்குள்ளும் உணவு விடுதிகளுக்குள்ளும் நுழைய சாதி, மதம் பார்த்து எந்தக் குடிமகனையும் தடுக்கக்கூடாது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டத்திலேயே ஓட்டலுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். அந்த வாசல் எத்தனை பேருக்கு அடைத்துக் கிடந்திருந்தால் இப்படி எழுதியிருப்பார்கள்!

சட்டம் வந்த பிறகும் ஓட்டல் வாசல்களில் சாதி சொல்லும் பலகை இறங்கவில்லை. 1957-ஆம் ஆண்டு மே மாதம், சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே வாசலில், "பிராமணாள்" என்ற சொல்லைப் பெயர்ப்பலகையிலிருந்து எடுக்கச் சொல்லிப் பெரியாரின் தொண்டர்கள் மறியல் தொடங்கினார்கள். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, மாதக்கணக்கில் நடந்தது. தினமும் ஒரு கூட்டம் வரும், கைதாகிப் போகும். மறுநாள் இன்னொரு கூட்டம் வரும். கடைசியில் பலகை மாறியது. அந்தத் தொண்டர்களில் பலர் அந்த ஓட்டலில் ஒரு காபிகூடக் குடித்திருக்க மாட்டார்கள். பின்னால் வருகிற நீங்களும் நானும் தலைநிமிர்ந்து உள்ளே போய் உட்கார வேண்டும் என்பதற்காக அவர்கள் சிறைக்குப் போனார்கள்.

வாசல் திறந்த ஓட்டல்களில் என்னென்ன வளர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். உடுப்பிப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்து, சமையலறையில் எடுபிடி வேலையில் தொடங்கியவர் கே. கிருஷ்ணராவ். அவர்தான் பிற்காலத்தில் உட்லண்ட்ஸ் ஓட்டல்களை நிறுவினார். 1962-இல் ஜெமினி அருகே மரங்களுக்கு நடுவே உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் வந்தது. பத்திரிகைக்காரர்கள், சினிமாக்காரர்கள், வேலை தேடும் இளைஞர்கள், ஓய்வு பெற்றவர்கள் என்று எல்லோரும் ஒரு காபியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசிய இடம் அது. எழுந்து போ என்று யாரும் விரட்டவில்லை. அது 2008-இல் மூடப்பட்டது. இப்போது அங்கே செம்மொழிப் பூங்கா இருக்கிறது. பூங்கா வந்தது நல்லதுதான். ஆனாலும் ஒரு நகரத்துக்கு, காசு அதிகம் இல்லாதவனும் நண்பனோடு நிதானமாக உட்கார்ந்து பேச ஒரு மேசை வேண்டும். அப்படி ஓர் இடம் போனால் ஊரின் பேச்சே கொஞ்சம் குறைந்துபோகிறது.

நம்ம மதுரை மண்ணுக்கு வருவோம். நெடுஞ்சாலையில் எங்கே இறங்கினாலும் முனியாண்டி விலாஸ் என்று ஒரு பலகை தெரியுமே, அதற்கு வேர் திருமங்கலம் பக்கத்து வடக்கம்பட்டியில் இருக்கிறது. அந்தக் கிராமத்துக்காரர்கள் 1930-களில் ஊரைவிட்டுக் கிளம்பி, காரைக்குடியில் முதல் கடையைப் போட்டார்கள். குலசாமி முனியாண்டியின் பெயரையே கடைக்கு வைத்தார்கள். ஒருவர் கடையில் வேலை பழகியவர் அடுத்த ஊரில் கடை போட, அவரிடம் பழகியவர் அதற்கடுத்த ஊரில் போட, தென்னிந்தியா முழுக்கப் பரவினார்கள். அன்றாடம் முதல் வாடிக்கையாளர் தருகிற காசைச் சாமிக்கென்று தனியே எடுத்துவைக்கிற வழக்கம் அவர்களிடம் உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்கு எல்லோரும் ஊர் திரும்புவார்கள். இரவெல்லாம் அண்டா அண்டாவாகப் பிரியாணி வேகும். விடியற்காலையில் அதுதான் பிரசாதம். வந்தவர் யார், எந்த ஊர் என்று கேட்காமல் அள்ளிப் போடுவார்கள். கல்லாவில் உட்கார்ந்து சம்பாதித்த காசைச் சோறாக்கித் திருப்பிக் கொடுக்கிற அந்தப் பண்பாடு இந்த மண்ணின் செல்வம். வெளியூர் நண்பர்கள் கேட்டால் மீனாட்சியம்மன் கோயிலோடு இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சரித்திரம் போதும். நான் கண்ணால் பார்த்த ஒரு மேசையைச் சொல்கிறேன்.

நான் படிக்கிற காலத்தில் விடுதிக்குப் பக்கத்தில் ஒரு பரோட்டாக் கடை இருந்தது. தகரக் கூரை, இரண்டு பெஞ்சு. மாஸ்டர் எண்ணெய் தடவிய மேடையில் மாவை வீசினால் அது துணி மாதிரி விரியும். சுருட்டி, தட்டி, கல்லில் போட்டு, வெந்ததும் நாலைந்தை அடுக்கி இரண்டு கையாலும் பக்கவாட்டில் அடிப்பார். அடுக்கு அடுக்காகப் பிரிந்து ஆவி வரும். எங்கள் கூட்டத்தில் ஒரு நண்பன் இருந்தான். வீட்டில் கஷ்டம். கடைக்கு வந்தால், "எனக்குப் பசிக்கலடா, டீ மட்டும் போதும்" என்பான். இன்னொருவனுக்கு அது பொய் என்று தெரியும். தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவே மாட்டான். மாஸ்டரிடம், "அண்ணே, பரோட்டா எல்லாத்தையும் பிச்சுப் போட்டு ஒரே தட்டா குடுங்க, சால்னாவ மேலயே ஊத்திடுங்க" என்பான். ஒரே தட்டு நடுவில் வந்துவிடும். ஐந்து பேர் கையும் அதில் இறங்கும். யார் எத்தனை தின்றார்கள் என்று எண்ண முடியாது. யார் காசு கொடுத்தார்கள் என்பதும் கேள்வி இல்லை. டீ போதும் என்றவன் மற்றவர்களைப் போலவே வயிறாரச் சாப்பிட்டுவிட்டு எழுந்தான்.

தம்பிகளே, ஒரே தட்டாகக் கேட்ட அந்தப் பையன் எந்தப் புத்தகத்தில் படித்து அதைக் கற்றான்? கொடுப்பது பலருக்கும் வரும். வாங்குகிறவன் முகம் வாடாமல் கொடுப்பது சிலருக்குத்தான் வரும். பகிர்ந்து உண்பதன் உயிரே அந்த இடத்தில்தான் இருக்கிறது. ஓட்டலில் பட்டியலைப் பார்த்து ஆர்டர் சொல்லும்போது, கூட இருப்பவனின் சட்டைப்பையையும் அவன் மனசையும் நினைத்துச் சொல்கிறவனே நல்ல நண்பன்.

இங்கே வந்திருக்கும் சகோதரிகளைப் பற்றியும் பேச வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் தோசை சுட்டுப் போட்டுவிட்டு, கடைசியில் ஆறிப்போன ஒன்றைச் சாப்பிடுகிறவர் யார்? நம் அம்மா, நம் மனைவி, நம் மகள். சுடச்சுட ஒரு தோசையை உட்கார்ந்த இடத்தில் வாங்கிச் சாப்பிடும் வாய்ப்பு அவர்களுக்கு ஓட்டலில்தான் கிடைக்கிறது. அதுவும் குடும்பத்தோடு போனால்தான். அங்கேயும் பிள்ளைக்கு ஊட்டுவது அவர்கள்தான். நம் ஊர்களில் பெண்கள் தங்கள் தோழிகளோடு, தாங்களாகக் கிளம்பி, ஒரு ஓட்டலில் உட்கார்ந்து, சிரித்துப் பேசிச் சாப்பிட்டுவிட்டு வருவது இன்னும் அரிதாகவே இருக்கிறது. ஆண்களுக்கு டீக்கடை பெஞ்சு இருக்கிறது. பெண்களுக்கு எந்த பெஞ்சு இருக்கிறது? நட்புக்கு ஆண், பெண் என்று அளவு வேறா? அவர்கள் போகட்டும். அன்றைக்குப் பிள்ளைகளை நாம் பார்த்துக்கொள்வோம்.

இன்றைக்குக் கைபேசியைத் தொட்டால் ஸ்விக்கியும் சொமாட்டோவும் வாசலுக்குக் கொண்டுவந்து தருகின்றன. உடம்பு முடியாதவருக்கும் வேலையில் அகப்பட்டவருக்கும் அது பெரிய உதவி. மழையிலும் வெயிலிலும் வண்டியோட்டி வருகிற அந்த இளைஞர்களுக்கு என் வணக்கம். ஆனால் ஒரே வீட்டில் நாலு பேர் நாலு பார்சலைப் பிரித்து, நாலு திரையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவது பழக்கமாகிவிட்டால், நாம் இழப்பது சாதாரணமானதல்ல. பார்சலில் சாம்பார் வரும். "இன்னும் கொஞ்சம் ஊத்தவா தம்பி?" என்று வாளியோடு வந்து நிற்கிற சப்ளையர் வர மாட்டார். எதிரே உட்கார்ந்து நம் தட்டிலிருந்து உரிமையோடு ஒரு விள்ளல் எடுக்கிற சிநேகிதன் வர மாட்டான்.

வாசல் எல்லோருக்கும் திறந்துவிட்டதா என்றால், அதுவும் இல்லை. டீக்கடையில் சிலருக்கு மட்டும் தனிக் குவளை என்கிற கொடுமை இந்த நாட்டிலிருந்து இன்னும் முழுசாக ஒழியவில்லை. சட்டப்படி அது குற்றம். ஆனால் சட்டம் கடையைத்தான் திறக்கும், மனசை நாம்தான் திறக்க வேண்டும். அப்படி ஒரு கடையைக் கண்டால், நம் சாதிக்கு நல்ல குவளை கிடைக்கிறது என்று குடித்துவிட்டு வராதீர்கள். கேளுங்கள். புகார் கொடுங்கள். எல்லோருக்கும் ஒரே குவளை வருகிறவரை அந்தக் கடையில் டீ குடிப்பதில்லை என்று உறுதி எடுங்கள்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போய் "நல்லாப் பேசினார்" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட வேண்டாம். இந்த வாரத்துக்குள் ஒருவரைச் சாப்பிட அழையுங்கள். வருஷக்கணக்காகப் பழகியும் ஒருவேளைகூடச் சேர்ந்து சாப்பிடாத ஒருவரை அழையுங்கள். உங்கள் தெருவைப் பெருக்குகிற அண்ணனை அழையுங்கள். வேறு சாதி, வேறு மதம், வேறு மொழி பேசுகிற சக ஊழியரை அழையுங்கள். வடக்கேயிருந்து வந்து நம் கட்டடங்களைக் கட்டுகிற தொழிலாளியை அழையுங்கள். பெரிய ஓட்டல் வேண்டியதில்லை, பெஞ்சு போட்ட கடை போதும். பக்கத்தில் உட்காரவையுங்கள். அவருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டு அதையே சொல்லுங்கள். கைபேசியைப் பையில் போடுங்கள். அவசரப்படாமல் பேசுங்கள். அவர் திரும்ப அழைத்தால், தட்டாமல் போய் அவர் வாங்கிக் கொடுப்பதைச் சாப்பிடுங்கள்.

சிறைக்குப் போய் நமக்கு வாசலைத் திறந்துவிட்டவர்களுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுதான். சிலை வைப்பதைவிட, மாலை போடுவதைவிட, அந்த மேசையில் எல்லோரும் கலந்து உட்கார்ந்திருப்பதே அவர்கள் பார்க்க ஆசைப்பட்ட தமிழ்நாடு. அந்தத் தமிழ்நாட்டை ஒவ்வொரு மேசையாகச் சேர்த்து நாமே உண்டாக்குவோம்.