குளிர்காயும் கிராமத்தார்

(கரியமாணிக்கத்தில் நடந்த கல்லூரி மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறேன்.)



என்னைக் கவிதை வாசிக்கச் சொல்லித்தான் கூப்பிட்டாங்க. எழுதியும் எடுத்துட்டு வந்தேன். வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் ஒரு தங்கை. இரண்டாம் வருஷம் பி.ஏ. வரலாறு. இதோ மூணாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கு, பேர் சொல்லல. "அண்ணா, இந்த லீவுல இன்டர்ன்ஷிப் கட்டாயம் போகணுமாம். உங்க பேங்க்ல ஏதாவது இருக்கா?"ன்னு கேட்டுச்சு. வரலாறு படிக்கிற பிள்ளை பேங்க்ல வந்து என்ன பண்ணும்? காட்சியகம் இருக்கு, ஆவணக் காப்பகம் இருக்கு, நாடகக் குழு இருக்கு, அங்கே போகலாமேன்னேன். "அங்கெல்லாம் காசு தர மாட்டாங்கண்ணா. பஸ்ஸுக்கே நாமதான் போடணும்"னு சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிச்சு.

கவிதை மடித்த மேனிக்கே சட்டைப் பையில் இருக்கு. இந்தப் பஸ் காசைப் பற்றிப் பேசலாம்னு நினைக்கிறேன்.

2023-24லிருந்து பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்தில் புதிய கல்விக் கொள்கைப் பாடத்திட்டம் வந்தது. இளங்கலை மாணவர்கள் நாலாம் செமஸ்டர் முடிந்ததும் 60 முதல் 120 மணி நேரம் வரை ஒரு நிறுவனத்தில் பயிற்சி வேலை பார்க்க வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் வழிகாட்டுதல். மதிப்பெண் உண்டு. ஆனால் வேலை வாங்குகிறவர்கள் காசு கொடுத்தே ஆக வேண்டும் என்கிற கட்டாயம் இல்லை.

நான் கணக்கு எழுதுகிறவன், ஒரு கணக்குப் போடுகிறேன். 120 மணி நேரம் என்றால் நாளுக்கு எட்டு மணி வீதம் 15 நாள். நூறு நாள் வேலைக்கு 2025-26ல் அறிவித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். 15 நாளுக்கு 5,040 ரூபாய். ஏரி வரப்பில் மண் வெட்டியிருந்தால் உங்கள் அம்மாவுக்குக் கிடைத்திருக்கும் இந்தத் தொகையை, பட்டப்படிப்புக்காக நீங்கள் சும்மா விட்டுக்கொடுக்கிறீர்கள். பஸ்ஸும் சாப்பாடும் தனி. வீட்டில் வசதி இருக்கிற பிள்ளைக்கு இது ஒரு கோடை விடுமுறை. நம்ம பிள்ளைக்கு மே மாசம்தான் அடுத்த வருஷ ஃபீசுக்கும் துணிமணிக்கும் சம்பாதிக்கிற மாசம். கம்பெனியில் பாக்கிங் வேலை, கேபிளுக்குப் பள்ளம் தோண்டுறது, கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறுறது. உங்களுக்குத் தெரியாததா?

எனக்கு நடந்ததைச் சொல்றேன். பதினெட்டு வருஷம் ஆச்சு. பழைய புகைப்படங்களைச் சேர்த்து வைத்திருந்த ஒரு தனியார் இடம். பேர் வேண்டாம், ஊரும் வேண்டாம். புதுச்சேரி எல்லைக்கு அந்தப் பக்கம், ரெண்டு பஸ் மாறிப் போகணும். போக வர 28 ரூபாய். "கத்துக்கிறதுதான் சம்பளம்"னு சொல்லிச் சேர்த்துக்கிட்டாங்க. என்னோடு இன்னும் மூணு பேர், எல்லாரும் பெரிய ஊர்ப் பிள்ளைகள், வாடகைக்கு ரூம் எடுத்துத் தங்கியிருந்தாங்க. ரெண்டு மாச வாடகையை வீட்டில் அனுப்பினாங்க. கெட்ட பிள்ளைகள் இல்ல. மத்தியானம் ஓட்டலுக்குக் கூப்பிடுவாங்க. "வயிறு சரியில்ல"ன்னு சொல்லிட்டு டப்பாவைத் தூக்கிட்டு மொட்டை மாடிக்குப் போவேன்.

வேலை என்னன்னா, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு அட்டை இருக்கும். படத்தில் இருப்பது என்ன, எந்த வட்டாரம், எந்தக் காலம் என்று ஆங்கிலத்தில் டைப் அடித்திருக்கும். அதைச் சரிபார்த்துத் தமிழிலும் எழுதணும். ரெண்டாம் வாரம் ஒரு படம் வந்தது. வைக்கோல் தீ. சுற்றிலும் ஆறேழு பேர் குந்தியிருக்காங்க, இடுப்பில் துண்டு. அட்டையில் இப்படிப் போட்டிருந்தது: குளிர்காயும் கிராமத்தார்.

அவங்க குளிர்காயல, தோழர்களே. ஒவ்வொருத்தர் கையிலும் ஒரு வட்டம் தீயைப் பார்த்துச் சாய்ந்திருக்கு. பறை. மேளம் காய்ச்சுறாங்க. தோல் விறைக்கட்டும்னு தீயில் காட்டுறாங்க. ஒரு ஆள் விரலால் சுண்டிப் பார்க்கிறார், தலையைச் சாய்த்துக் கேட்கிறார். சுருதி பார்க்கிறார்! பக்கத்து வீட்டுச் சித்தப்பா அப்படித்தான் கேட்பார். அந்தப் படத்தை எடுத்தவர், வாங்கியவர், அட்டை எழுதியவர், சரிபார்த்தவர் என்று நாலு பேராவது படித்தவர்கள் பார்த்திருப்பாங்க. ஒருத்தர் கண்ணுக்கும் மேளம் தெரியல. கலைஞர்கள் வேலை செய்கிற படம், ஏழைகள் நடுங்குகிற படமாகப் பெட்டிக்குள் போய்விட்டது.

பொறுப்பாளரிடம் சொன்னேன். "அப்படியா, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். நல்ல மனிதர், நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். எனக்குத்தான் பதில் சொல்ல வாய் வரல. எப்படித் தெரியும்னு சொன்னா, எந்தத் தெருன்னு சொல்லணும். "எங்கேயோ படிச்சேன் சார்"னு பொய் சொன்னேன். அட்டையில் பென்சிலால் 'பறை காய்ச்சுகிறார்கள்' என்று எழுதி வைக்கச் சொன்னார். மறுவாரம் டைப் அடிக்கலாம்னார். மறுவாரம் நான் போகல. பதினைந்து நாளில் 420 ரூபாய் பஸ்ஸுக்கே போயிருந்தது. அம்மா களை எடுத்த காசு. வைகாசி முகூர்த்தம் ஆரம்பிச்சிடுச்சு, மண்டபத்தில் ஒரு நேரத்துக்கு 150 ரூபாய். பரிமாறப் போயிட்டேன். பென்சில் எழுத்து இன்னும் இருக்கோ அழிச்சிட்டாங்களோ, தெரியாது.

ஒரு பையனுக்குப் பஸ் காசு இல்லை என்பதோடு இது முடிந்துவிடுவதில்லை. காசு இல்லாமல் வேலை செய்யக்கூடியவர்கள் மட்டும்தான் அந்த மேசையில் உட்கார முடியும் என்றால், அட்டை எழுதுகிற அதிகாரம் அவர்களிடமே தங்கும். நம் தாத்தா காட்சிப்பொருளாக உள்ளே இருப்பார், பேரன் வெளியே நிற்பான்.

அயோத்திதாசப் பண்டிதர் 1907ல் தொடங்கிய 'தமிழன்' இதழை எந்தப் பெரிய நூலகம் நமக்குத் தூக்கிக் கொடுத்தது? கோலார் தங்கவயலிலும் சென்னையிலும் நம்ம பெரியவர்கள் வீட்டுப் பெட்டியில் காப்பாற்றி வைத்தார்கள். அவர் இறந்தது 1914ல். ஞான. அலாய்சியஸ் தொகுத்துப் பாளையங்கோட்டையிலிருந்து 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வெளிவந்தது 1999ல். எண்பத்தைந்து வருஷம்! காப்பகத்தில் நம் ஆள் இல்லாததற்கு நாம் கொடுத்த விலை அது.

இதற்கு வேறு வழி பார்த்த ஊர் உண்டா? உண்டு. 1992 ஏப்ரல் 29, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ். ரோட்னி கிங் என்கிற கறுப்பரை நடுரோட்டில் அடித்து நொறுக்கிய போலீஸ்காரர்களை நீதிமன்றம் விட்டுவிட்டது. நகரம் பற்றி எரிந்தது. ஐம்பது பேருக்கு மேல் செத்தார்கள். அடுத்த வருஷம், 1993ல், அங்கே எண்ணெய் முதலாளி கெட்டியின் பணத்தில் நடக்கிற கலை அறக்கட்டளை ஒரு திட்டம் தொடங்கியது. கறுப்பர், லத்தீன் அமெரிக்க, ஆசிய, பூர்வகுடிக் குடும்பத்து மாணவர்களுக்குக் கோடையில் பத்து வாரம் காட்சியகங்களில் முழுநேர வேலை, சம்பளத்தோடு. இதுவரை 3,000 பேருக்கு மேல் போயிருக்கிறார்கள். 2000த்திலிருந்து அந்த மாவட்ட அரசாங்கமே பொதுப் பணத்தில் நாடகம், இசை, இலக்கிய அமைப்புகளுக்கும் இதேபோல ஒன்றை நடத்துகிறது.

முதலாளிக்கு ஞானோதயம் வந்துவிட்டது என்று நான் சொல்ல வரல. தெரு எரிந்த பிறகுதான் கதவு திறந்தது. திறந்த கதவும் ஒருக்களித்த கதவுதான். 2015ல் மெலன் அறக்கட்டளை அமெரிக்கக் கலைக் காட்சியகங்களில் ஒரு கணக்கெடுப்பு எடுத்தது. காட்சிப் பொறுப்பாளர், பாதுகாப்பாளர், கல்வியாளர், தலைமை ஆகிய பதவிகளில் நூற்றுக்கு 84 பேர் வெள்ளையர், கறுப்பர் வெறும் 4 பேர். இருபத்திரண்டு வருஷம் ஒரு நகரத்தில் சம்பளம் கொடுத்தும் நாட்டின் நிலைமை இதுதான் என்றால், சம்பளமே கொடுக்காத நம்ம ஊர்க் கணக்கை யார் எடுப்பது?

நாமும் எரிந்திருக்கிறோம். 1997ல் மேலவளவு. 1999 ஜூலை 23ல் தாமிரபரணி, 17 பேர். நமக்குக் கிடைத்தது கமிஷனும் நிவாரணக் காசோலையும். எந்தக் கலை நிறுவனமாவது "இந்தப் பிள்ளைகள் எங்களிடம் வரட்டும், சம்பளம் தருகிறோம்" என்று ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்கல.

சட்டத்துக்குத் தெரியாத விஷயமும் இல்லை இது. 1961ஆம் வருஷத்துத் தொழில் பழகுநர் சட்டத்தில் பழகுகிறவனுக்கு மாதாமாதம் காசு உண்டு. 1973ல் திருத்தம் செய்து, குறிப்பிட்ட தொழில்களில் பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்கவும் வைத்தார்கள். ஃபிட்டர் வேலை பழகினால் கூலி உண்டு, ஒதுக்கீடு உண்டு. சுவடி அடுக்கப் பழகினால் இரண்டும் இல்லை. 2024 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கிய பிரதமர் பயிற்சித் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாய் என்றார்கள். ஆனால் அது பெரிய கம்பெனிகளுக்கு. முழுநேரம் கல்லூரியில் படிக்கிறவர்கள் விண்ணப்பிக்கவே முடியாது என்பதுதான் தொடங்கியபோது அதன் விதியாக இருந்தது.

அண்ணல் 1913ல் கொலம்பியாவுக்குப் போனது எப்படி? பரோடா மன்னர் மூன்று வருஷத்துக்கு மாதம் பதினொன்றரை பவுன் கொடுத்தார். அந்தப் பணம் இல்லை என்றால் அந்த அறிவுக்குக் கப்பல் டிக்கெட் இல்லை. ஆனால் முழுக் கதையையும் சொல்லணும். படித்துவிட்டு 1917ல் அதே பரோடாவுக்கு வேலைக்குப் போனார். தங்க ஒருத்தனும் இடம் கொடுக்கல. பார்சி விடுதியில் பேரை மறைத்துத் தங்கி, கடைசியில் தடியோடு வந்தவர்கள் வெளியே துரத்தினார்கள். காசு கொடுத்தவன் ஊரிலேயே உட்கார இடம் இல்லை. நான் மொட்டை மாடியில் சாப்பிட்டேன் பாருங்க, அதுவும் இந்த வகைதான். காசும் வேணும், கீழே பந்தியில் இடமும் வேணும். ஒன்றைக் கேட்டு மற்றதை விட்டுவிடக்கூடாது.

இன்னொன்று, இதைக் கவுண்டரில் உட்கார்ந்தவன் என்கிற முறையில் சொல்றேன். ஸ்காலர்ஷிப் பாஸ்புக்கை நீட்டி, "பணம் ஏறிச்சா பாருங்க சார்"னு தாய்மார்கள் மாசத்துக்கு மூணு தடவை வராங்க. ஏறல. அடுத்த வருஷம் ஏறும். பயிற்சிக் கூலியும் அப்படி ஆனால் பிரயோஜனம் இல்ல. கோடை முடிந்து தீபாவளிக்கு வருகிற காசை வைத்து மே மாசம் முதல் தேதி பஸ் ஏற முடியாது. முதல் வாரக் காசு முதல் நாளே கையில் வரணும். மாணவர் பேரிலேயே கணக்கு இருக்கணும், கல்லூரி வழியாகச் சுற்றி வரக்கூடாது. பெண் பிள்ளைகளுக்கு இது ரெண்டு மடங்கு முக்கியம். "கத்துக்கப் போறேன்"னா வீட்டில் விட மாட்டாங்க. "சம்பளம் வருது"ன்னா விடுவாங்க. கசப்பான உண்மைதான்.

ஊக்கத்தொகை, உதவித்தொகை என்று சொல்வதை நான் விரும்பல. ஊக்கம் நம்மிடம் இருக்கு, உதவி யாரும் கேட்கல. கூலி என்று சொல்லுங்க.

சில தோழர்கள் முகத்தைச் சுளிக்கிறது தெரியுது. "தொண்டு நிறுவனக் காசு, வெளிநாட்டுக் காசு, பிள்ளைகளை வாங்கிடுவாங்க"ன்னு. அந்தப் பயம் நியாயமானது. நானே பேங்க் சம்பளத்தில் சோறு தின்கிறவன், யாரிடம் வாங்கினால் தீட்டு என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். எனக்கு இருக்கிற பயம் வேற. நம்ம பிள்ளையை அமர்த்தி, அவன் பேட்டிலேயே போய் ஆயாவின் தாலாட்டையும் ஒப்பாரியையும் பதிவு பண்ணிட்டு வரச் சொல்லி, புத்தகத்தில் வேறொருத்தர் பேர் போடுவாங்க. அப்படிப்பட்ட இடத்தில் முதலிலேயே கேளுங்க: என் பேர் எங்கே வரும், ஆயாவுக்கு என்ன தருவீங்க?

கே.ஏ. குணசேகரன் அண்ணன் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழக நாடகத் துறையில் இருந்தார். சேரிப் பாட்டைத் தொண்டையிலும் டாக்டர் பட்டத்தைக் கையிலும் வைத்திருந்தவர். 2016ல் போய்ச் சேர்ந்தார். அவர் மாதிரி ஒருத்தர் உள்ளே இருக்கிற இடத்தில், "எப்படித் தெரியும்?" என்கிற கேள்விக்கு நான் பொய் சொல்லியிருக்க மாட்டேன்.

சரி, நம்ம யோக்கியதையையும் பார்ப்போம். நம்ம பத்திரிகைகளுக்குப் பிழை திருத்தினது யார்? புத்தகக் கண்காட்சியில் பத்து நாள் கால் கடுக்க நின்றது யார்? மாணவர்கள். தோழர்னு கூப்பிட்டோம், டீ வாங்கிக் கொடுத்தோம். இயக்க வேலைக்குக் கூலி கேட்கிறதான்னு கேட்பீங்க. கேட்கல. ஆனா பஸ் காசு இல்லாதவன் இயக்கத்துக்கும் வர முடியாது, வந்தவர்களை மட்டும் எண்ணி நாம் பெருமைப்பட்டுக்கிறோம். அடுத்த இதழிலிருந்து பிழை திருத்துகிறவருக்குப் போக்குவரத்துச் செலவையாவது அச்சுக்கூலியோடு சேர்த்து எழுதுங்க என்று ஆசிரியர் குழுவிடம் சொல்லியிருக்கேன். முனகினாங்க. எழுதுவாங்க.

நம்ம நெட்டப்பாக்கமும் ஏம்பலமும் தனித் தொகுதிகள். புதுச்சேரியில் 2011 கணக்கெடுப்பில் நூற்றுக்குப் பதினாறு பேர் ஏறக்குறைய நாம். நமக்கென்று சிறப்புக்கூறு திட்ட நிதி ஒதுக்குகிறார்கள். அதிலிருந்து வருஷத்துக்கு ஐம்பது பிள்ளைகளுக்குக் கோடைக் கூலி கொடுக்கலாம். ஐம்பது பேருக்குப் பதினைந்து நாள், 336 ரூபாய் வீதம், 2,52,000 ரூபாய். ஒரு அரசு விழாவின் பந்தல் செலவுக்குள் அடங்குகிற தொகை என்பது என் எண்ணம். அரசுக் காட்சியகம், பாரதியார் பல்கலைக்கூடம், நூலகங்கள் என்று அனுப்ப இடம் இருக்கு. கலை பண்பாட்டுத் துறைக்கும் ஆதிதிராவிடர் நலத் துறைக்கும் மனு தயார் பண்ணியிருக்கோம். தொகுதிகளின் எம்.எல்.ஏ.க்களிடமும் கொடுக்கணும்.

பின்வரிசையில் ஒரு நோட்டு சுற்றுது. இந்த வருஷம் இன்டர்ன்ஷிப் போக வேண்டியவர்கள் பேர், கல்லூரி, ஊரிலிருந்து நகரத்துக்குப் போக வர எவ்வளவு பஸ் காசு, போன கோடையில் என்ன வேலை பார்த்தீங்க, எவ்வளவு வந்தது, இவ்வளவும் எழுதுங்க. மனுவோடு அதைத்தான் இணைக்கப் போறோம். மூணாவது வரிசைத் தங்கை, நீ முதல்ல எழுதும்மா. வில்லியனூர் போகிறவர்களுக்கு பஸ் வந்துடும், சீக்கிரம்.