மேல் என்பது மேற்கா, மேடா?



மலைநாட்டிலே டயகமப் பகுதியில் நெடுங்காலம் ஆசிரியத் தொழில் புரிந்து, இன்று ஓர் அரசினர் பாடசாலையின் அதிபராக இருப்பவன் நான். திசைகளைக் குறிக்கும் ஆங்கிலப் பெயரடைகளை எவ்விடத்தில் எவ்வாறு வழங்குவது என்பது பற்றிச் சில வார்த்தைகள் கூற எண்ணுகின்றேன். இலக்கணம் என்றவுடனே வானொலிப் பெட்டியை நிறுத்திவிட வேண்டாம். இந்தச் சிறிய இலக்கணப் பிழையால் ஒரு பெண்ணின் ஓராண்டு வீணாயிற்று. அதற்குக் காரணமானவனும் நானே.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த மாணவி ஒருத்தி, உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்து, தொழிற்பயிற்சி ஒன்றுக்கு விண்ணப்பிக்க முனைந்தாள். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. அவளுடைய குடும்பம் வாழ்ந்த லயமோ தோட்டத்தின் மேற்கணக்கிலே இருந்தது. தோட்டத்தின் ஒரு பிரிவை, அதாவது ‘டிவிஷ’னை, எம்மவர் கணக்கு என்றே வழங்குவர். “சேர், மேற்கணக்கை இங்கிலீஷில் எப்படி எழுதுவது?” என்று அவள் கேட்டாள். நான் ஒரு கணமும் தயங்கவில்லை. மேல் மாகாணம் ‘வெஸ்டர்ன் புரொவின்ஸ்’ அல்லவா? ஆகவே மேற்கணக்கு ‘வெஸ்டர்ன் டிவிஷன்’ என்று சொல்லிவிட்டேன். அவளும் அவ்வாறே எழுதினாள்.

தோட்டத்துப் பதிவேட்டில் அப்பிரிவின் பெயர் ‘அப்பர் டிவிஷன்’. மலைச்சரிவின் மேற்பக்கத்தில் இருந்தமையால் வந்த பெயர் அது. மேற்குத் திசைக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. வீட்டிலக்கமும் தெருப்பெயரும் இல்லாத லயத்துக்குப் பிரிவின் பெயரே முகவரி. அது பிழைத்தமையால், நேர்முகப் பரீட்சைக்கு அழைத்த கடிதம் வேறொரு பிரிவுக்குச் சென்று தங்கி, அவள் கைக்கு வந்தபோது பரீட்சை நாள் கடந்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன. அவளுடைய தந்தையார் என்னிடம் வந்து, “கடுதாசி வழி தவறிப் போச்சுங்க, சேர்” என்று மட்டும் சொன்னார். வழியைத் தவறாகச் சொன்னவன் நான் என்பதை அவருக்கு அன்றே சொன்னேன்.

இப்பிழை எவ்வாறு நேர்ந்தது? அதனை அறியத் தமிழிலிருந்தே தொடங்க வேண்டும். மேற்கு என்பது மேல் என்பதிலிருந்தும், கிழக்கு என்பது கீழ் என்பதிலிருந்தும் பிறந்த சொற்கள் என்று கால்டுவெல் முதலிய அறிஞர் காட்டியுள்ளனர். தமிழகத்தின் நிலம் மேற்குத் தொடர்ச்சி மலையில் உயர்ந்து, கீழைக் கடலை நோக்கிச் சரிகின்றது. ஆதலின் அங்கே உயரமும் மேற்கும் ஒரே பக்கத்தில் அமைந்தன. இலங்கையிலோ மலை நாட்டின் நடுவே நிற்கின்றது. நாங்கள் கொழும்புக்குப் போவதென்றால், மலையிலிருந்து கீழே இறங்கித்தான் மேல் மாகாணத்தை அடைகின்றோம்! மேல் மாகாணத்தில் மேல் என்பது மேற்கு. தலவாக்கலையில் அணை எழுப்பி 2012ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற மேல் கொத்மலை நீர்மின் திட்டத்திலோ, மேல் என்பது உயரப் பகுதி. அதன் ஆங்கிலப் பெயரும் ‘அப்பர் கொத்மலை’ என்பதே. ஒரே சொல்லில் இரு பொருள்கள் இருக்க, எந்தப் பொருள் என்று கேட்க நான் மறந்தேன்.

சரி, பொருள் மேற்குத்தான் என்று உறுதியாகிவிட்டது என்று கொள்வோம். அதன் பின்னரும் மாணாக்கரை மயக்குவது ஒன்றுண்டு. ஆங்கிலத்தில் ஒவ்வொரு திசைக்கும் இரு வடிவங்கள் உள்ளன. ‘நோர்த், சவுத், ஈஸ்ட், வெஸ்ட்’ என்பன குறுகிய வடிவங்கள். ‘நோர்தர்ன், சதர்ன், ஈஸ்டர்ன், வெஸ்டர்ன்’ என்பன நீண்ட வடிவங்கள். குறுகியது திசையின் பெயராகவும் வரும், பெயரடையாகவும் வரும். நீண்டது பெரும்பாலும் பெயரடையாகவே வரும். உச்சரிப்பிலும் ஒரு செய்தி உண்டு. ‘சவுத்’ என்னும் சொல்லின் எழுத்துக்கள் நீண்ட வடிவத்தில் மாறுவதில்லை. ஒலி மட்டும் குறுகிச் ‘சதர்ன்’ ஆகின்றது. எழுத்தைப் பார்த்து எம் பிள்ளைகள் ‘சவுத்தர்ன்’ என்று படிப்பது இதனாலேயே.

இவ்விரண்டில் எதனை எங்கே கொள்வது? ஒரு நிலத்தின் பகுதியை நாமாக வருணிக்கும்போது நீண்ட வடிவம் பொருந்தும். நிலைத்துவிட்ட ஒரு பெயரைச் சொல்லும்போது, அப்பெயரில் எவ்வடிவம் உள்ளதோ அதையே கொள்ள வேண்டும். இதனைத் தமிழ் கொண்டே சோதித்துப் பார்க்கலாம். ‘ஆபிரிக்காவின் தென்பகுதி’ என்று விரித்துச் சொல்லத்தக்க இடத்தில் ‘சதர்ன் ஆபிரிக்கா’ என்க; நமீபியா, பொட்சுவானா, சிம்பாப்வே ஆகிய நாடுகளும் அதனுள் அடங்கும். ‘தென்னாபிரிக்கா’ என்று ஒரு நாட்டின் பெயராகச் சொல்லும்போது ‘சவுத் ஆபிரிக்கா’ என்க. ஓர் ஈற்றை மாற்றினால் ஒரு நாடு பல நாடுகளாகிவிடும்.

ஆயினும் நிலைத்த பெயர்கள் யாவும் குறுகிய வடிவத்தையே கொள்ளும் என்று எண்ணிவிடலாகாது. அவுஸ்திரேலியாவில் ஒரு மாநிலத்தின் பெயர் ‘சவுத் அவுஸ்திரேலியா’. அதற்கு அடுத்த மாநிலம் ‘வெஸ்டர்ன் அவுஸ்திரேலியா’. ‘நோர்தர்ன் அயர்லாந்து’ என்னும் பெயர் இன்னும் விசித்திரமானது. அயர்லாந்துத் தீவின் வடகோடி முனை டொனெகால் மாவட்டத்தில் உள்ளது; அம்மாவட்டமோ வட அயர்லாந்தைச் சேராமல், அயர்லாந்துக் குடியரசைச் சேர்ந்தது. திசையை அளந்து பார்த்து இத்தகைய பெயர்களை அறிய இயலாது. வழக்கைப் பார்த்தே அறிய வேண்டும்.

எம் நாட்டு மாகாணங்களை நோக்குவோம். ஆங்கிலேயர் 1833ஆம் ஆண்டு இலங்கையை ஐந்து மாகாணங்களாக வகுத்தபோது, மத்திய மாகாணம் ஒழிந்த ஏனைய நான்கும் திசையாற் பெயர் பெற்றன. ஊர்ப்பெயர் எதுவும் சேராமல் ‘புரொவின்ஸ்’ என்னும் பொதுச்சொல் மட்டும் தொடர்ந்தமையால், நான்கும் நீண்ட வடிவமே கொண்டன. ‘நோர்த் புரொவின்ஸ்’ என்று எழுதுவது பிழை. ‘நோர்தர்ன் புரொவின்ஸ்’ என்பதே சரி. 1845இல் வடமேல் மாகாணமும், 1873இல் வடமத்திய மாகாணமும் தோன்றின. அவற்றை ‘நோர்த் வெஸ்டர்ன்’, ‘நோர்த் சென்ட்ரல்’ என்பர். இரு சொற்கள் சேருமிடத்து முதற்சொல் குறுகியே நிற்கும். தமிழிலும் வடக்கு என்பது ‘வட’ என்று குறுகியன்றோ நிற்கின்றது?

எம் முன்னோர் வந்த புகையிரதமும் இதற்கு நல்லதோர் உதாரணம். 1914ஆம் ஆண்டு தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை ஏற்பட்டது. அதன் பின்னர் இங்கு வந்தோரிற் பலர் ‘சவுத் இந்தியன் ரெயில்வே’ வண்டியில் வந்தோரே. அந்த ரெயில்வே 1951ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் வேறிரு ரெயில்வேக்களுடன் இணைந்து ‘சதர்ன் ரெயில்வே’ ஆயிற்று. இந்தியா என்னும் பெயர் தொடர்ந்து வந்தவரை ‘சவுத்’. அது நீங்கியதும் ‘சதர்ன்’. இவ்விரு பெயர்களையும் மனத்திற் கொண்டால் மேற்கூறிய விதி மறவாது.

இனி, எங்கள் ஊருக்கு வருவோம். டயகம கிழக்கு, டயகம மேற்கு என இரு தோட்டப் பெயர்கள் உண்டு. ஆங்கிலத்தில் அவை ‘டயகம ஈஸ்ட்’, ‘டயகம வெஸ்ட்’ எனப்படும். இங்கே திசை பின்னே நிற்கின்றது, வடிவமும் குறுகியது. அதனை ‘ஈஸ்டர்ன் டயகம’ என்று திருத்தி எழுதினால் இலக்கணம் பிழைபடாது. ஆனால் அது தோட்டத்தின் பெயராக இராது. டயகமப் பிரதேசத்தின் கிழக்குப் பக்கம் என்னும் பொதுவான பொருளே எஞ்சும். தபாற்காரர் எந்த வாசலிற் போய் நிற்பார்?

ஆகவே மாணாக்கரே, பெற்றோரே, கட்டுரை எழுதும்போது இலக்கண விதியைக் கொண்டு வடிவத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். படிவம் நிரப்பும்போதோ, உங்கள் இருப்பிடத்தின் பெயரை மொழிபெயர்க்க முற்படாதீர்கள். தோட்டக் காரியாலயப் பதிவேட்டில் அது ஆங்கிலத்தில் எவ்வாறு உள்ளது என்று கேட்டு, எழுத்துக்கு எழுத்து அவ்வாறே எழுதுங்கள். பெரியவர் ஒருவர் சொன்னார் என்பதற்காக எழுதிவிடாதீர்கள். அவர் உங்கள் ஆசிரியராயினும் சரியே.

அந்த மாணவி அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பித்தாள். படிவத்தை என்னிடம் காட்டினாள். ஆனால் முகவரியை முன்னதாகவே நிரப்பியிருந்தாள். தோட்டக் காரியாலயத்துக்குத் தானே நடந்து சென்று, பதிவேட்டைப் பார்த்து எழுதி வந்ததாகக் கூறினாள். ‘அப்பர் டிவிஷன்’ என்று தெளிவாக இருந்தது. இம்முறை கடிதம் உரிய நாளுக்கு முன்பே வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து, யாரேனும் ஒரு பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று என்னிடம் கேட்டால், விடை கூறுமுன் நானும் ஒரு கேள்வி கேட்கின்றேன்: “மேல் என்றால் மேற்கா, மேடா?”