எந்தக் குடி?



கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ ஒரு வீட்டில் கலியாணப் பேச்சு எழுந்தால், மாப்பிள்ளையின் தொழிலையும் பெண்ணுக்குரிய வீட்டையும் பற்றிப் பேசி முடிந்தபின், முதியவர் ஒருவர் மெல்லக் கேட்பார்: "பிள்ளை எந்தக் குடி?" ஒரே குடிக்குள் கொள்வனை கொடுப்பனை இல்லை என்பது பழைய வழக்கம். இளைஞர் பலருக்கு இன்று விடை தெரியாது. உம்மாவிடம் கேட்பர், உம்மாவுக்கும் ஐயமாயின் உம்மம்மாவிடம் செல்ல வேண்டும். உம்மம்மாவும் மறைந்துவிட்ட வீட்டில் கேள்வி அப்படியே நின்றுவிடுகிறது.

இந்தச் சிறு கேள்விக்கும் ஒரு பெரிய நாடுகடத்தலுக்கும் தொடர்புண்டு.

1626 ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். கொழும்பிலும் மேற்குக் கரைத் துறைகளிலும் தலைமுறை தலைமுறையாக வாணிகம் செய்தோர் மலைநாட்டை நோக்கி நடந்தனர். கண்டியரசன் செனரத் அவர்களை ஏற்றான். அவர்களுள் 4,000 பேரை அவன் மட்டக்களப்பிலே காவலாக நிறுத்தினான் என்று, அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதிய குவேறோஸ் பாதிரியார் கூறுகின்றார். இன்றைய அம்பாறைக் கரையும் அந்நாளில் மட்டக்களப்பு நாட்டோடு சேர்ந்தது. 1961 இல்தான் அம்பாறை தனி மாவட்டமாயிற்று.

4,000 என்பது வெறும் எண். பெயர் ஒன்றுமில்லை. அரசாங்கப் பிறப்புப் பதிவு 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் ஒழுங்குக்கு வந்தது. இடைப்பட்ட இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தை எதைக் கொண்டு கடப்பது?

பிறநாட்டாருக்கும் இவ்விடர் உண்டு. உருசியப் பேரரசி கத்தரீன் 1763 இல் விடுத்த அழைப்பை ஏற்று, வொல்கா ஆற்றங்கரையில் குடியேறிய ஜெர்மானிய உழவரின் வழித்தோன்றல்களை, 1941 ஆகஸ்ட் 28 ஆம் நாள் ஆணையால் ஸ்டாலின் அரசு கசாக்ஸ்தானுக்கும் சைபீரியாவுக்கும் நாடுகடத்திற்று. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பழைய தேவாலய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டித் தந்தையின் குடும்பப் பெயரைத் தேடுகின்றனர். அவர்களுக்குத் தந்தை பெயரும் காகிதமும் துணை. நமக்கோ துணையாக இருப்பது தாய்வழியும் வாய்ச்சொல்லும்.

குடி தாயிடமிருந்து பிள்ளைக்கு வருவது. வாப்பா எக்குடியினராயினும் பிள்ளை உம்மாவின் குடியே. வரிசைநாச்சி குடி, பொன்னாச்சி குடி என்று பெண்பெயர் தாங்கிய குடிகள் இக்கரையில் உண்டு. குடிக்கொரு மரைக்கார் பள்ளிவாசல் நிருவாகத்தில் அமர்வது நெடுநாள் வழக்கமாயிருந்தது. ஆதலின் பழைய பள்ளிவாசல் கணக்கேடு கிடைப்பின் அதில் குடிப்பெயர் இருக்கக்கூடும். வீடும் மகளுக்கே சீதனமாகச் செல்வதால், வீட்டு உறுதிகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்த்தால் உம்மா, உம்மம்மா, அவருடைய உம்மா என்று தடம் பின்னோக்கி ஓடும்.

ஆனால் அத்தடம் எங்கே கொண்டுபோய் விடுகிறது? கொழும்புக்கு என்றுதான் நானும் முதலில் எண்ணியிருந்தேன். இந்தக் குடிமுறை முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதன்று. அயலிலுள்ள தமிழ் மக்களிடத்தும் அதே தாய்வழிக் குடிகள் உள்ளன. முக்குவருக்கும் திமிலருக்கும் நடந்த போரில் முக்குவருக்குத் துணைநின்ற முஸ்லிம்களுக்கு இவ்வூர்ப் பெண்கள் மணமுடித்துக் கொடுக்கப்பட்டனர் என்ற கதையும் மட்டக்களப்பிலே வழங்குகிறது. கதையை வரலாறென்று நான் சாதிக்கவில்லை. எனினும், ஓடிவந்தோர் இங்கேயே மணந்திருப்பின், நாம் போற்றும் குடி விரட்டப்பட்டவரின் பெயரைச் சொல்வதன்று. அவருக்கு வீடு கொடுத்தவளின் பெயரைச் சொல்வது. விரட்டப்பட்டவர் தந்தைவழியில், எண்ணப்படாத பக்கத்தில், மறைந்து நிற்கிறார். எனவே, 'நாமெல்லாரும் கொழும்பு அகதிகளின் பிள்ளைகள்' என்று மேடையில் முழங்குவோரும், 'நாம் ஆதிமுதல் இவ்வூரார்' என்று மறுப்போரும் பாதியைத்தான் சொல்கின்றனர் என்பது என் எண்ணம்.

தேடுவோர் தாமதிக்க இடமில்லை. 2004 டிசம்பர் 26 இல் கடல் பொங்கியபோது நாட்டிலேயே மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். வீடுகளோடு உறுதிகளும் போயின; சொல்லத் தெரிந்த முதியோரும் போயினர். 1990 ஒக்டோபரில் வடபுலத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுள், வளர்ந்தவர்களாகப் புறப்பட்டோர் இன்று முதுமை எய்திவிட்டனர். அவர்களுடைய தெருவின் பெயரையும் கிணற்றடியையும் அயலாரையும் இப்போதே எழுதி வைத்தால், பேரப்பிள்ளை ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு திகைக்க வேண்டியதில்லை.

எங்கள் வீட்டிலும் கண்டி வழியாக வந்த ஒருவரைப் பற்றிய பேச்சு உண்டு. அவர் பெயரைக் கேட்டு ஒருநாள் குறிப்புப் புத்தகத்தோடு உம்மம்மாவின் அருகே அமர்ந்தேன். அவர் அந்த மனிதரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தம் உம்மாவின் பெயரிலிருந்து தொடங்கி, ஐந்து பெண்களின் பெயர்களை விரல்விட்டு எண்ணிச் சொன்னார். ஐந்தாவது பெயரோடு விரல் நின்றது.

"அதுக்கு மேல என்ட உம்மா எனக்குச் சொல்லித் தரல்ல, மகன்" என்றார்.