வானத்திலும் கரை தேடியவர்கள்



நொச்சிக்குப்பத்து மணலில் நின்று விமானங்களை அண்ணாந்து பார்க்கிறோம். இக்கலை நம் பட்டினத்திலே கால்வைத்த கதையை எத்தனை பேர் அறிவோம்? மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ், சிம்ப்சன் கம்பெனியாரைக் கொண்டு விமானம் கட்டுவித்து, 1910-ஆம் ஆண்டு தீவுத்திடலில் பொதுமக்கள் முன் பறந்து காட்டினார். ஓட்டல்காரருக்கு ஏன் இந்த வேலை என்று ஊரார் கேட்டிருப்பார்கள்!

1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாட்டா, கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் கொணர்ந்தார். அகமதாபாத்தில் பெட்ரோல் மாட்டுவண்டியில் வந்ததாம். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகத் தபாலைச் சென்னை சேர்த்தார். ஒற்றை என்ஜின், வானொலித் தொடர்பு இல்லை, கீழே தெரியும் நிலமே வழிகாட்டி. 1982-இல், 78 வயதில், டாட்டா அதே வழியில் மீண்டும் பறந்தார்.

நம் கட்டுமரக்காரருக்கு இது விளங்கும். 1977-இல் இன்றைய கலங்கரை விளக்கம் வருமுன்பே, சாந்தோம் கோபுரத்தைக் குறிவைத்துக் கரை சேர்ந்தவர்களல்லவா!

ஓய்வுபெற்ற விமானி ஒருவரை நம் இளைஞரிடையே பேச அழைத்திருந்தோம். "புயல் மேகத்துக்குள் இருக்கையில் அச்சம் தோன்றாது, கைக்கு வேலை இருக்கும். வீட்டுக்கு வந்து காப்பி டம்ளரை எடுக்கும்போதுதான் கை நடுங்கும்" என்றார். பின்வரிசையில் மீன்கூடையோடு அமர்ந்திருந்த பாட்டியம்மாள் எழுந்து, "அதுவரைக்கும் உங்க வீட்டம்மா என்ன பண்ணுவாங்க, ஐயா?" என்று கேட்டார்.

அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். "நான் கேட்டதே இல்லை, அம்மா" என்றார்.