இரை தீண்டாத மீன்



ஆட்டையும் மாட்டையும் வாயில்லாச் சீவன் என்று சொல்வது நம் வழக்கம். ஆனால் பசித்தால் அவை கத்தும், நோவெடுத்தால் முனகும். அந்தச் சொல் முழுமையாகப் பொருந்துவது கண்ணாடித் தொட்டியில் நாம் வளர்க்கும் மீனுக்குத்தான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. தனக்குச் சுகமில்லை என்பதை அது நமக்கு உணர்த்தும் வழி பெரும்பாலும் ஒன்றே. போட்ட தீனைத் தொடாமல் விட்டுவிடும்.

இலக்கிய நிகழ்ச்சியில் மீனின் நோய் பற்றிய பேச்சா என்று சிலர் எண்ணக்கூடும். திருக்குறளில் மருந்து என்னும் 95ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அங்குள்ள பத்துக் குறள்களில் ஆறு, பசியையும் உண்ணும் அளவையும் பற்றியே பேசுகின்றன. நோயையும் அதன் காரணத்தையும் ஆராயும் முறை அதன் பின்னரே வருகிறது. என் மாணவர்கள் இதைப் பரீட்சைக்காக மனனஞ் செய்பவர்கள். அவர்களுள் தரம் எட்டில் படிக்கும் ஒருவனுக்கு அது பரீட்சைக்கு வெளியேயும் தேவைப்பட்டது.

அவன் வெள்ளவத்தையில் ஒரு மாடிக் குடியிருப்பில் தாயுடன் இருப்பவன். அவனுடைய தமையன் கட்டாருக்கு வேலைக்குப் போவதற்கு முன், நாற்பது லீற்றர் கொள்ளும் தொட்டியொன்றையும் இரண்டு பொன்மீன்களையும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். வாராவாரம் தொலைபேசியில் பேசும்போது தம்பியின் படிப்பை விசாரித்த கையோடு மீனையும் விசாரிப்பானாம். நான் பல ஆண்டுகளாக மீன் வளர்ப்பவன் என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். பாடம் முடிந்ததும் பையன் கையில் ஒரு குளிசையோடு வந்தான்.

"சேர், மூண்டு நாளாய் ரெண்டும் ஒண்டும் தின்னுதுகளில்லை. கடையில இதைத் தந்தவை. தண்ணிக்குள்ள போடட்டோ?"

அது மனிதருக்குக் கொடுக்கும் நுண்ணுயிர்க்கொல்லி. போடவேண்டாம் என்று சொல்லிவிட்டு, மீன் தீனுக்குக் கிட்ட வருகிறதா என்று கேட்டேன். இந்தக் கேள்வி முக்கியமானது. ஆவலாக வந்து வாயில் எடுத்துத் துப்பும் மீனுக்குக் கோளாறு வாயிலேயே இருக்கலாம். பொன்மீன் அடியிலுள்ள கூழாங்கற்களை வாயில் போட்டுப் புரட்டும் வழக்கமுடையது. சிலவேளை ஒரு கல் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். உடலில் உப்புத் தூவியது போன்ற வெள்ளைப் புள்ளிகள் கண்டால் அது ஒட்டுண்ணி. இவை இரண்டும் இல்லை என்றான். செட்டையை ஒடுக்கிக்கொண்டு அடியில் கிடக்கின்றன, விடியற்காலையில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன என்றான். சந்தையில் செத்த மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கத் தெரிந்த நாம், உயிருள்ள மீனின் செவுளைக் கவனிப்பதில்லை. அதையும் பார்த்துவரச் சொன்னேன். மறுநாள், "நல்லாச் சிவந்திருக்கு சேர்" என்றான்.

"தொட்டியை எப்ப கழுவினது?"

அவன் சற்றுத் தயங்கினான். "வெள்ளிக்கிழமைக்கெண்டு அம்மா வீடு கழுவேக்கை அதையும் கழுவினவ. கல்லு, பஞ்சு எல்லாம் சுடுதண்ணியில. ஆனால் அம்மாவிலை பிழை சொல்லாதேங்கோ சேர்."

பிழை சொல்ல என்ன இருக்கிறது? மீன் தன் செவுள் வழியே அமோனியாவை இடைவிடாமல் வெளிவிடுகிறது. அழுகும் தீனிலிருந்தும் அது உண்டாகிறது. பஞ்சிலும் கல்லிலும் குடியேறும் பற்றீரியாக்களே அந்த நஞ்சை முதலில் நைத்திரைற்றாகவும் பின் அதிகத் தீங்கில்லாத நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. அந்தக் குடியேற்றம் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் எடுக்கும். கண்ணுக்கு அழுக்காகத் தெரிவது அதுதான். சுடுதண்ணீரில் அது ஒரே நாளில் அழிந்துபோயிற்று. போதாததற்குக் குழாய் நீரை அப்படியே நிரப்பியதால் அதிலிருந்த குளோரீன் செவுளைச் சுட்டது. மீன் தின்னாததைக் கண்டு பையன் இன்னும் அதிகமாகத் தீன் போட்டான், அதுவும் அழுகியது. அந்தக் குளிசையையும் போட்டிருந்தால் எஞ்சிய பற்றீரியாவும் போயிருக்கும்.

ஊரிலிருந்து கேட்கும் நேயர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரில் குழாய் நீரைப் போலக் குளோரீன் இல்லை என்பது உண்மை. ஆயினும் சுண்ணாம்புக் கல்லினூடாக ஊறிவரும் அந்நீர் காரத்தன்மை உடையது. காரம் கூடக் கூட அமோனியாவின் கொடுமையும் கூடும். வெப்பமும் அப்படியே. 20 பாகை நீர் லீற்றருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கும்; 30 பாகையில் அது ஏழரைக்கு இறங்கிவிடுகிறது. பொன்மீனோ குளிர்நீருக்கு உரியது.

பையனுக்கு நான் சொன்னவை சிலவே. தீனை அடியோடு நிறுத்து. நல்ல பொன்மீன் ஒரு வாரம் உணவின்றி இருக்கும். வாளியில் ஒரு நாள் திறந்து வைத்த நீரால், தினமும் தொட்டி நீரில் மூன்றில் ஒரு பங்கை மாற்று. பத்து லீற்றருக்கு இரண்டு தேக்கரண்டி உப்பைக் கரைத்து ஊற்று. பிறகு மாற்றும் நீருக்கு மட்டும் அதே கணக்கில் சேர். காற்றுப் பம்பியை இரவிலும் நிறுத்தாதே. இவற்றோடு என் தொட்டியிலிருந்த பழைய பஞ்சொன்றை ஈரம் காயாமல் பையில் போட்டுக் கொடுத்தேன். கறுத்து வழுவழுத்த அதைக் கண்டு தாயார் முகஞ்சுளித்தாராம். அதுதான் மருந்து என்று பையன் சொன்னதை அவர் நம்பவே இல்லையாம்.

எல்லா உண்ணாமையும் நோயல்ல என்பதையும் சொல்லவேண்டும். நம் குளங்களில் பெருகிக் கிடக்கும் திலாப்பியாவின் ஒரு வகையில், தாய்மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்து அடைகாக்கிறது. குஞ்சு பொரித்து நீந்தும்வரை அது இரை எடுப்பதில்லை. தாய்மையின் பட்டினியைப் பாடாத மொழியில்லை. இதைவிடச் சொல்லுக்குச் சொல் பொருந்தும் உதாரணத்தை நான் கண்டதில்லை.

இரண்டாம் நாள் காலை சிறிய மீன் மிதந்தது. மாடி முகப்பிலிருந்த பூச்சாடியில் அதைப் புதைத்துவிட்டுப் பாடசாலைக்கு வந்தவன் அன்று முழுவதும் பேசவில்லை. அண்ணனிடம் சொல்வதா விடுவதா என்பதே அவன் கவலை. பெரியது நான்காம் நாள் செட்டையை விரித்தது. ஆறாம் நாள், அவித்துத் தோல் நீக்கிய பட்டாணியில் பாதியைச் சிறு துண்டுகளாகப் போட்டான். முதல் துண்டைத் துப்பியது. இரண்டாவதை விழுங்கியது. அன்றிரவே கட்டாருக்கு எடுத்து, ஒன்று இறந்ததையும் ஒன்று தின்றதையும் சேர்த்தே சொன்னானாம்.

தீன் போடும் பொறுப்பைத் தாயார் இப்போது தம்முடையதாக்கிக்கொண்டார். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு மேல் ஒரு மணியும் விழுவதில்லையாம். வெள்ளிக்கிழமைக்கென்று அந்த வீட்டில் எல்லாம் முன்போலவே கழுவப்படுகின்றன. பஞ்சை மட்டும், தொட்டியிலிருந்தே எடுத்த ஒரு கோப்பை நீரில் மெதுவாகப் பிழிந்து, அழுக்கோடு திரும்ப வைக்கிறார்கள்.